இருபத்து நான்காவது எழுத்து

ரெஜீன் அர்னூவின் பெயர் நாற்பது ஆய்வுக்கட்டுரைகளில் அச்சாகியிருந்தது. எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில்தான், பொடியெழுத்தில்தான். ‘கணக்கீட்டில் உதவிய மதாம் அர்னூவுக்கு நன்றி.’ அந்த வரிக்கு முன்னால் நிதி கொடுத்த அமைப்புக்கு நன்றி இருக்கும். எப்போதோ பயனுள்ள உரையாடல் செய்த ஜெனிவாக்காரர் ஒருவருக்கு நன்றி இருக்கும். ஒரு கட்டுரையில் அர்னோ என்று தப்பாக விழுந்திருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிரதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, அவ்வளவுதான்.

மர்சேய் நகரத்தின் தென்கோடியில், பைன் மரங்களுக்கு நடுவே, வெள்ளைப் பாறைக் குன்றுகள் ஆரம்பிக்கும் இடத்தில் அந்த ஆய்வகம் இருக்கிறது. காட்டுப்பன்றிகள் வந்து குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும். ரெஜீன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1981இல், இருபத்தெட்டு வயதில், கணக்கீட்டுப் பொறியாளராக. இயற்பியல்காரர்கள் கரும்பலகையில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது வேலை. இயந்திரங்கள் ஐந்து தடவை மாறின. இயக்குநர்கள் ஏழு பேர் மாறினார்கள். அவள் நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி அதே இடத்தில் இருந்தது.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தவர்கள், இடம் என்பது புள்ளிகளால் ஆனது என்று நம்பாதவர்கள். ஒரு வீட்டுக்குள் நுழையாமல், வெளியே நின்று அதில் எழும் ஓசைகளை மட்டும் கேட்டு, எத்தனை அறை, எங்கே சுவர், எது மாடிப்படி என்று சொல்வதுபோல அவர்கள் பிரபஞ்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசைகளை எழுத அவர்கள் பயன்படுத்தும் எழுத்துகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் எழுத்தை இரண்டாவதோடு பெருக்கினால் வரும் விடையும், இரண்டாவதை முதலோடு பெருக்கினால் வரும் விடையும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்திலிருந்துதான் அங்கே தூரம் பிறக்கும், விசை பிறக்கும், துகள்கள் பிறக்கும்.

ரெஜீன் இதை ஒருமுறை தன் அண்ணன் ஃபெலிக்ஸிடம் விளக்கப் பார்த்தாள். பக்கத்து ஊரான கஸ்ஸியில், துறைமுகத்துக்குப் பின்னால், பெற்றோர் விட்டுப்போன வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். ஃபெலிக்ஸ் மனைவியை இழந்தவன். டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி.

“முதல்ல தண்ணி இறங்காம பூச்சு, அப்புறம் டைல்ஸ். முதல்ல டைல்ஸ், அப்புறம் பூச்சு. ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டான் அவன். “இதைக் கண்டுபிடிக்கவா அரசாங்கம் உங்களுக்கு மூணு மாடி கட்டிக் கொடுத்துச்சு?”

“நாலு மாடி.”

“நாலாவதுல என்ன பண்றாங்க?”

“நிர்வாகம்.”

“அங்க எந்த வரிசையில பண்ணாலும் ஒண்ணுதான்” என்றான் ஃபெலிக்ஸ்.

மூன்றாம் மாடியில் ரெஜீன் அதிகம் வேலை செய்தது எத்தியென் வெர்னியேக்காக. அறுபத்திரண்டு வயது, நீண்ட விரல்கள், எப்போதும் ஒரே சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. ஆய்வகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெர்னியே மட்டும் அவளை இருபத்தாறு வருஷமாக மதாம் அர்னூ என்பார். அவளும் முசியே வெர்னியே என்பாள். அது குளிர்ச்சியான மரியாதை அல்ல. இரண்டு பேருமே கூச்சக்காரர்கள், ஒருமுறை ஆரம்பித்ததை மாற்ற வாய்வரவில்லை.

வெர்னியேயும், இத்தாலியிலிருந்து வந்திருந்த தோனாத்தோ சுக்கரெல்லி என்ற முப்பத்துமூன்று வயது ஆளும், இரண்டு வருஷமாக ஒரு புதிய மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற எழுத்துகளோடு சிலவற்றைச் சேர்த்தால் துகள்களின் பட்டியலில் ஒரு பழைய ஓட்டை அடைபடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே ஒரு பயம் இருந்தது. நீளமான கணக்கின் கடைசியில் ஒரு குறிப்பிட்ட துண்டு மிஞ்சினால், ஒளிக்கு எடை வந்துவிடும். ஒளிக்கு எடை இருக்கும் ஒரு கொள்கையை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் துண்டு பூஜ்யமாக வேண்டும். அது பூஜ்யமா என்று தெரிந்துகொள்ளப் பன்னிரண்டாயிரம் சின்னச் சின்ன உறுப்புகளைக் கூட்ட வேண்டும். அது ரெஜீனின் வேலை.

2007 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், உணவகத்தின் பூண்டு வாசனை சட்டையில் ஒட்டியிருக்க வெர்னியே அவள் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பேசுவதுதான் பழக்கம்.

“மதாம் அர்னூ, இன்னும் ஒரு எழுத்து வேணும். கிரேக்க எழுத்து, கப்பா. கோவிச்சுக்காதீங்க.”

“இருபத்து மூணு இருக்கு. இதோட இருபத்து நாலு. இதுதான் கடைசியா?”

“கடைசின்னு சத்தியம் பண்ண மாட்டேன். நம்பிக்கையோட சொல்றேன்.”

அவள் கப்பாவைச் சேர்த்தாள். திங்கள்கிழமை காலை இயந்திரம் கொடுத்த விடை பூஜ்யம். அவள் நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை ஓட்டினாள். பூஜ்யம், பூஜ்யம். வெர்னியே அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பணத்தாளில் நீர்க்குறியைத் தேடுவதுபோல. பிறகு இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன நிலைமையை மட்டும் கையால் போட்டுச் சரிபார்த்தார். அதுவும் பூஜ்யம். இயந்திரம் சொன்னதை ஒரு மனிதர் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது அங்கே எழுதாத சட்டம்.

அடுத்த வாரம் நடைபாதையில், தோனாத்தோவும் நிற்கும்போது, வெர்னியே சொன்னார். “கட்டுரையில உங்க பேரும் மேல வரும்.”

“மேலயா? எதுக்கு?”

“பன்னிரண்டாயிரம் உறுப்பைக் கூட்டினது யாரு, நானா?”

தோனாத்தோ சிரித்தான். அந்தத் துறையில் ஆசிரியர்கள் பெயரை அகரவரிசையில் போடுவது வழக்கம். “அப்போ ரெஜீன்தான் முதல்ல. அர்னூ, வெர்னியே, கடைசியில Z-ல ஆரம்பிக்கிற சுக்கரெல்லி. எழுத்துக இடம் மாறக் கூடாதுன்னு தொண்டை கிழியப் பாடம் எடுக்குறோம். ஆளுகளை மட்டும் டெலிபோன் டைரக்டரி மாதிரி நிக்க வைக்கிறோம். நான் பள்ளிக்கூடத்துலயும் கடைசி பெஞ்சுதான்.”

ரெஜீன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பைன் மரத்தில் ஒரு அணில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஐம்பத்துநாலு வயதில் ஒரு பேனாவை எடுத்துத் தன் பெயரை ஒரு காகிதத்தில், மற்ற இரண்டு பெயர்களோடு சேர்த்து எழுதிப் பார்த்தாள். பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

மே மாதம் சஞ்சிகையிலிருந்து கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மெய்ப்புப் படியும் வந்தது; பிழை பார்த்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தை ஃபெலிக்ஸ் நகல் எடுத்துக்கொண்டுபோய், தான் வழக்கமாகச் சோம்புச் சாராயம் குடிக்கும் கடையில், இரும்புக்குண்டு எறியும் விளையாட்டுப் போட்டியின் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான்.

மெய்ப்பு வந்தது திங்கள்கிழமை. வியாழக்கிழமை, காட்டுக்குள் இருக்கும் கருத்தரங்கக் கூடத்தில், நாற்பது பேருக்கு முன்னால் வெர்னியே இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் தோனாத்தோ ரெஜீனிடம், “உங்க புரோகிராமை எல்லாரும் கேப்பாங்க. விளக்கம் எழுதி வலைப்பக்கத்துல போட்ருவோமா?” என்றான். அவளுக்கும் அது பிடித்திருந்தது. தன் நிரலை வேறு யாரோ திறந்து படிக்கப்போகிறார்கள் என்றதும், விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் வரி அறிவிப்பு வரி. எந்தெந்த எழுத்துகள் இடம் மாறக் கூடாது என்று இயந்திரத்துக்கு அங்கேதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இயந்திரம் அந்த எழுத்தைச் சாதாரண எண் என்று எடுத்துக்கொள்ளும். மூன்றையும் ஐந்தையும் எப்படிப் பெருக்கினாலும் பதினைந்துதானே என்று, தன் வசதிக்கு அதை முன்னே கொண்டுபோய் வைத்துவிடும். கேட்காது, எச்சரிக்காது. ரெஜீன் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொண்டே போனாள். இருபத்து மூன்று விளக்கங்கள் எழுதியதும் வரி முடிந்துவிட்டது.

அவள் மறுபடி எண்ணினாள். விரலைத் திரையில் வைத்து எண்ணினாள். கப்பா இல்லை.

கப்பாவைக் கணக்குக்குள் முப்பத்தொரு இடத்தில் சேர்த்திருந்தாள். அறிவிப்பு வரியில் சேர்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை, தலைவலி இல்லை, யாரும் கூப்பிடவில்லை. சும்மா மறந்திருக்கிறாள்.

வரியில் கப்பாவைச் சேர்த்து ஓட்டினாள். நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் காபி இயந்திரம் வரை போனாள், காசு போடாமல் திரும்பி வந்தாள். விடை வந்திருந்தது. பன்னிரண்டாயிரம் உறுப்புகளில் மற்றதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, ஒரே ஒரு உறுப்பு மட்டும் திரையின் நடுவில் நின்றது. ஒளிக்கு எடை இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபெலிக்ஸ் கடலைமாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தான். ரெஜீன் மேஜைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“உன்னைப் பத்தித்தான் பேச்சு கடையில. கசாப்புக்கடை லெயோன் கேக்குறான், இதுக்குச் சம்பளம் உண்டா, சும்மாவான்னு.”

“ஃபெலிக்ஸ், எப்பவாவது பூச்சு அடிக்காம டைல்ஸ் ஒட்டியிருக்கியா? மறந்துபோய்?”

அவன் கரண்டியைத் திருப்பினான். “ஒரே ஒரு தடவை. ஒரு பல் டாக்டர் வீட்டுக் குளியலறை. கடைசி டைல்ஸை ஒட்டிட்டு வண்டியில ஏறுறேன், பூச்சு டப்பா மூடி திறக்காம உக்காந்திருக்கு.”

“என்ன பண்ணுன?”

“டப்பாவை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் ஆச்சு. டாக்டர் கூப்பிடல. ஒருவேளை அந்த ஆளு குளிக்கிறதே இல்லையோ என்னமோ.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “ஏன் கேக்குற?”

“சும்மா” என்றாள் ரெஜீன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க உலகத்தில் ஐந்து பேருக்குத்தான் பொறுமை உண்டு. ஐந்து பேருக்கும் வேறு வேலை இருந்தது. ஓய்வுபெற அவளுக்கு ஆறு வருஷம். பேசாமல் இருந்தால் போதும், பெயர் மேலே இருக்கும். நாளைக் காலை பேசினால், அச்சாகுமுன்பே போய்விடும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெர்னியேயின் அறைக் கதவு திறந்திருந்தது. நாளைய பேச்சுக்காகக் கரும்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜீன் அவர் செய்வதுபோலவே நிலைப்படியில் நின்றாள்.

“முசியே வெர்னியே, கப்பா அறிவிப்பு வரியில இல்ல.”

அவர் திரும்பவில்லை. “எந்த வரியில?”

“முதல் வரியில. மார்ச்சுல சேர்த்தப்ப விட்டுட்டேன். மெஷின் அதைச் சாதா எண்ணுன்னு எடுத்துக்கிட்டு இஷ்டத்துக்கு இடம் மாத்தியிருக்கு. நேத்து சரிபண்ணி ஓட்டினேன். பூஜ்யம் வரல.”

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. பிறகு அவர் அதைக் கவனமாகத் தட்டில் வைத்தார்.

“எவ்வளவு மிஞ்சுது?”

அவள் தாளை நீட்டினாள். ஒரே வரி. அவர் நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

“அந்தத் துண்டேதான்” என்றார்.

“ஆமா.”

தோனாத்தோ கையில் காபிக் கோப்பையோடு வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, “என்ன, யாரு செத்துட்டாங்க?” என்றான்.

வெர்னியே தாளை அவனிடம் கொடுத்தார். அவன் கோப்பையை விடாமல் படித்தான். வாசலில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு எழுத்து” என்றான் தோனாத்தோ. “ரெஜீன், ஒரே ஒரு எழுத்து. போலோனியா பல்கலைக்கழகத்துல வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன், தெரியும்ல? இந்தக் கட்டுரையைத்தான் முதல்ல வச்சிருக்கேன். எங்க அம்மா மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“தெரியும்” என்றாள் ரெஜீன். “உங்களுக்கு முதல்ல சொல்லியிருக்கணும். நேத்தே சொல்லியிருக்கணும். ஒரு ராத்திரி வச்சுக்கிட்டேன்.”

“கத்தாத, தோனாத்தோ” என்றார் வெர்னியே, அவன் கத்தாதபோதும். “நானும்தான் கையால போட்டுப் பாத்தேன்.”

“அதான் கேக்குறேன். உங்களுக்கு எப்படி பூஜ்யம் வந்துச்சு?”

வெர்னியே ஜன்னலைப் பார்த்தார். “கப்பாவுக்கு ஒண்ணுன்னு போட்டேன்.”

“ஒண்ணா?”

“கணக்கு சின்னதா இருக்கட்டும்னு.”

தோனாத்தோ கோப்பையைக் கீழே வைத்தான். ஒன்று எதோடு வேண்டுமானாலும் இடம் மாறும். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அது எதையும் மாற்றாது. இயந்திரம் செய்த அதே தப்பை வெர்னியே இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கையால் செய்திருக்கிறார்.

“முப்பது வருஷமா மாணவங்ககிட்ட என்ன சொல்றீங்க நீங்க?”

“ஒண்ணைப் போட்டுச் சரிபாக்காதேன்னு சொல்றேன்” என்றார் வெர்னியே.

தோனாத்தோ சிரிக்க ஆரம்பித்தான். நல்ல சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தாளை மறுபடி முதலிலிருந்து படித்தான். மாதிரியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று மத்தியானம் வரை இரண்டு பேரும் பலகையில் முட்டிமோதிப் பார்த்தார்கள். இல்லை.

சஞ்சிகைக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை வெர்னியே எழுதினார். ரெஜீனிடம் படிக்கக் கொடுத்தார். ‘எங்கள் கணக்கீட்டில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது’ என்று இருந்தது. கீழே இரண்டு பெயர்கள் மட்டும்.

“உங்களை இதுல இழுக்க வேணாம்னு நெனச்சேன்” என்றார். “கட்டுரையே இல்லன்னு ஆயிடுச்சு. இந்தக் கடிதம் மட்டும்தான் எல்லார் கண்ணுலயும் படும். இதுல பேரு எதுக்கு?”

ரெஜீன் காகிதத்தைக் கீழே வைத்தாள். “பேரை மேல போடறேன்னு சொன்னப்ப ஏன்னு கேட்டேன். ஒரு காரணம் சொன்னீங்க. அந்தக் காரணம் இன்னும் அப்படியேதான இருக்கு. பன்னிரண்டாயிரம் உறுப்பைக் கூட்டினது நான்தான்.”

அவர் அவளைப் பார்த்தார். “வருத்தப்பட மாட்டீங்களே?”

“படுவேன்” என்றாள் ரெஜீன்.

அவளே கடிதத்தைத் திருத்தித் தட்டச்சு செய்தாள். பிழை நேர்ந்துவிட்டது என்பதை எடுத்துவிட்டு, இடம் மாறாத ஒரு எழுத்தை இடம் மாறுவதாக எடுத்துக்கொண்டோம், கையால் சரிபார்த்தபோதும் அதே தவற்றைச் செய்தோம் என்று எழுதினாள். கீழே அர்னூ, வெர்னியே, சுக்கரெல்லி. தோனாத்தோ வந்து அதைப் படித்துவிட்டு, ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினான்.

வீட்டில் ஃபெலிக்ஸிடம் சொன்னாள். கடையில் ஒட்டியதைக் கிழித்துவிடச் சொன்னாள்.

“எதுக்குக் கிழிக்கணும்? பேரு சரியாத்தான அச்சாகியிருக்கு?”

“கட்டுரை தப்பு, ஃபெலிக்ஸ்.”

“அந்தக் கடையில குடிக்கிறவன் எவனுக்கு ஒளிக்கு எடை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அதுக்குப் பக்கத்துல இருக்கிற குண்டுப் போட்டிப் பட்டியலும்தான் தப்பு. முதல் சுத்துலயே தோத்த லெயோன் பேரை அரையிறுதியில போட்டிருக்காங்க.” ஆனாலும் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அந்தத் தாள் நாலு மூலையும் கிழியாமல் அவன் பையில் இருந்தது. அவளிடம் கொடுக்கவில்லை, எங்கே வைத்தான் என்று அவளும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்திரால் காற்று பைன் மரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. ரெஜீன் வழக்கமாக இந்தக் கூட்டங்களுக்கு வரமாட்டாள். அன்று கடைசி வரிசையில், வெளியேறும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெர்னியே மாதிரியை இருபது நிமிஷம் விளக்கினார். பிறகு, இது ஒளிக்கு எடை கொடுக்கிறது, ஆகவே இது தப்பு, நேற்று திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்றார். முன்வரிசையில் ஒருவர் பேனாவை மூடினார். கிராக்கோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“பூஜ்யம் வந்திருந்துச்சுன்னு சொல்றீங்க. கையால போட்டும் பூஜ்யம். அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் கண்டுபிடிக்கல” என்றார் வெர்னியே. “மதாம் அர்னூ கண்டுபிடிச்சாங்க. அங்க இருக்காங்க.”

நாற்பது தலைகள் திரும்பின. ரெஜீன் எழுந்து நின்றாள். பேசத் தயாரித்துக்கொண்டு வரவில்லை. வேலையை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

“அறிவிப்பு வரியில ஒரு எழுத்தை விட்டுட்டேன். மத்தவங்க படிக்கட்டும்னு விளக்கம் எழுதினப்ப எண்ணிப் பாத்தேன், குறைஞ்சுது. ஆரம்பத்துல இருந்த எழுத்து எதையும் விடல. பாதியில சேர்த்ததைத்தான் விட்டேன். பாதியில சேர்க்கிறப்ப யாரும் முதல் வரிக்குத் திரும்பிப் போறதில்ல. பூஜ்யம் வந்ததுனால சந்தேகமும் வரல. நமக்கு வேணுங்கிறது வந்துட்டா யாரு எண்ணுவா?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். கேள்வி கேட்ட பெண் தலையை ஆட்டினாள், ஏதோ குறித்துக்கொண்டாள். வேறு கேள்விகள் வரவில்லை.

இடைவேளையில் காபி மேஜைக்கு முன்னால் கூட்டமே இல்லை. பரிமாறும் பெண் கெட்டிலைப் பிடித்தபடி ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துக்குள்ளே எட்டு ஒன்பது பேர் எழுந்திருக்காமல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உதடு அசைய, விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரெஜீன் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். ஜன்னலோரம் இருந்த ஒரு உயரமான ஆள், நரைத்த தாடி, கழுத்தில் தொங்கிய அட்டையில் உட்ரெக்ட் என்று ஊர்ப்பெயர், அவளைப் பார்த்து மெதுவாகக் கையைத் தூக்கினார். வணக்கம் சொல்வதுபோல இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பவர்போல.

“மதாம்,” என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு நிமிஷம் இதைப் பாக்க முடியுமா? என் கணக்குல பதினேழு எழுத்து. இந்த அறிவிப்பு வரியில பதினஞ்சுதான் வருது. நான் எண்ணுறதுல தப்போ என்னமோ.”

“எத்தனை தடவை எண்ணுனீங்க?”

“மூணு தடவை.”

“அப்போ எண்ணுறதுல தப்பு இல்ல.”

“போன வருஷம் அச்சான கட்டுரை” என்றார் அவர்.

ரெஜீன் பையைத் தரையில் வைத்தாள். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு அருகே போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“கடைசியா எந்த எழுத்தைச் சேர்த்தீங்க?” என்று கேட்டாள். “அங்கேயிருந்து ஆரம்பிப்போம்.”